குழிக்குள் முதலில் நெருப்பு இறங்குவது ஏன்

அந்தக் காலத்தில் சோளத்துக்கு வாய் இருந்தது. வண்டுக்கும் இருந்தது, அடுப்பு நெருப்புக்கும் இருந்தது. களத்துக்குப் போனால் சோளத்தோடு பேச்சு, வீட்டுக்கு வந்தால் நெருப்போடு பேச்சு என்று மனிதர்கள் வாழ்ந்தார்கள். அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றைத் தின்பதற்கு முன்னால் அதனிடம் நாலு வார்த்தை பேசுவதுதான் மரியாதை என்றுகூட நினைத்தார்கள்.

மேற்கு மலையின் மழை மறைவில், வானம் பார்த்த நிலத்தில், ஒரு சிறிய ஊர் இருந்தது. வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான். அறுத்து அடித்துக் கொண்டுவருவது சில நாள் வேலை. அதை அடுத்த மழை வரைக்கும் வைத்துக் காப்பாற்றுவதுதான் வருஷம் முழுவதுக்குமான வேலை. ஒச்சம்மா என்ற பெண் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் புருஷன் பெயர் விருமன். தொண்டை பெரிது அவனுக்கு. இந்தக் கரையில் நின்று அவன் மாட்டை அதட்டினால் அடுத்த கரையில் மேய்கிற மாடும் திரும்பிப் பார்க்கும்.

வந்த வருஷமே பங்குனியில் ஒச்சம்மா குலுக்கையின் அடைப்பை எடுத்தாள். குலுக்கை என்றால் மண்ணைப் பிசைந்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய தானியக் கூடு. அடியில் ஓர் ஓட்டை இருக்கும், அடைப்பை எடுத்தால் சோளம் தானாகக் கொட்டும். அன்று கொட்டியது சோளமில்லை, மாவு. அவள் கையை உள்ளே விட்டாள். காய்ச்சல்காரன் நெற்றியைப் போல உள்ளே சுட்டது. கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரைக்கும் வண்டு ஏறியிருந்தது. உதறக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். கோடை முழுவதற்கும் வீட்டில் இருந்த சாப்பாடு அதுதான்.

வண்டுகளில் ஒன்று, வீட்டுக்குள் கையை விடுகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடக்கூடாதா என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டது. நல்ல வீடு, வெயிலில்லை, மழையில்லை, காற்றோட்டத்துக்கும் குறைவில்லை, பிள்ளை குட்டிகளோடு சௌகரியமாக இருக்கிறோம் என்று ரொம்ப நாள் குடியிருப்பவர்களின் தோரணையில் சொன்னது.

மாவுக்குள்ளிருந்து மிச்சமிருந்த சோளம் மெல்லக் கூப்பிட்டது. "கேட்டியா தாயி அது பேசுற பேச்சை. அடுத்த வருசம் எங்களை இதுல போடாத. மண்ணுக்குள்ள புதைச்சு வை."

"புதைச்சா முளைச்சுருவீங்களே."

"ஈரம் பட்டாத்தான முளைப்போம்? ஈரம் படாமப் புதை."

எப்படி என்று அது விவரமாகச் சொன்னது. மேட்டு நிலத்தில், சரளை மண்ணில், குடம் மாதிரி ஒரு குழி வேண்டும். வாய் ஓர் ஆள் நுழையும் அளவு, வயிறு ஒரு குடும்பமே படுக்கும் அளவு. முள்ளை வெட்டிப் போட்டு எரித்து உள்சுவரைச் சுட வேண்டும். சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி, அடியிலும் சுவரை ஒட்டியும் காய்ந்த சோளத் தட்டையைப் பரப்பி, அதன் மேல் சோளத்தைக் கொட்டி, கல்லால் மூடி, சந்து தெரியாமல் சேற்றைப் பூச வேண்டும்.

வண்டும் கூடத்தானே உள்ளே வரும் என்று ஒச்சம்மா கேட்டாள்.

"வரட்டுமே. உள்ள இருக்குற காத்தை நாங்க அம்புட்டுப் பேரும் சேந்து குடிச்சுத் தீத்துருவோம். காத்து தீந்தா எங்களுக்குத் தூக்கம் வரும். அதுக்குச் சாவு வரும்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தது சோளம். திறக்கிறபோது உடனே இறங்கக்கூடாது. கல்லை நகர்த்திவிட்டு மேலே நின்று கூப்பிட வேண்டும். வெளிக்காற்று உள்ளே வந்து சேர்ந்தால்தான் தங்களுக்கு விழிப்பு வரும், குரலும் வரும். 'வாங்க' என்று தாங்கள் சொன்ன பிறகுதான் யாரும் கால் வைக்க வேண்டும்.

தூங்குகிறவர்கள் எழுந்து முகம் துடைத்துக்கொள்ளக் கேட்கிற அவகாசம் என்றுதான் ஒச்சம்மா அதை எடுத்துக்கொண்டாள். சோளமும் அப்படி நினைத்துத்தான் கேட்டது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

விருமன் குழி வெட்டினான். முதலில் சிரித்த ஊர், அடுத்த கோடையில் அவன் வீட்டுச் சோளம் முத்து மாதிரி வெளியே வந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தியது. அதன் பிறகு ஊருக்கே பொதுவாக ஒரு பெரிய குழி வெட்டினார்கள். அதைத் திறக்கும் நாள் திருநாள் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் சுற்றி நிற்பார்கள். கல்லை நகர்த்துவார்கள். விருமன்தான் கூப்பிடுவான். உள்ளேயிருந்து பதில் வராது. ஆண்கள் வெற்றிலை போடுவார்கள், பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன்கூட இந்நேரம் எழுந்திருப்பான், இது இன்னும் தூங்குதே என்று யாராவது சொல்வார்கள். வெயில் ஏறிய பிறகு, ஒரு சாக்கு மணலைக் கவிழ்த்தது போன்ற குரல் கீழேயிருந்து வரும். "வாங்க."

இறங்குவார்கள். இப்படிப் பல வருஷம் போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு மழை நின்றது. ஒரு வருஷம் பொய்த்தது, அடுத்த வருஷமும் பொய்த்தது. குழியில் பாதிக்குக் கீழேதான் சோளம் இருந்தது. ஊர் கூடிப் பேசியது. இப்போதே எடுத்துத் தின்றால் மழை வருகிறபோது விதைக்க ஒன்றும் இருக்காது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். அதுவரைக்கும் உயிரோடு இருந்தால்தானே விதைக்க என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே விருமனின் குரல்தான் கேட்டது. மேகம் கறுக்கிற வரைக்கும் கல்லைத் தொடக்கூடாது, தொடுகிறவன் யாராக இருந்தாலும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர் ஒத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டில் இருளாயி என்று ஒருத்தி. புருஷன் இல்லாதவள், வாயில் எப்போதும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள். அவள் ஒருநாள் வந்து, மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், ஒரு படி சோளம் எடுத்துக் கொடுத்தால் கஞ்சி காய்ச்சி ஊற்றுவேன் என்று கேட்டாள். விருமன் மறுத்துவிட்டான். உனக்குத் திறந்தால் ஊருக்கே திறக்க வேண்டும் தாயி என்றான். "வாஸ்தவந்தேன். உன் தொண்டைக்கு ஊரே கட்டுப்படுது, எங்க அத்தை வயிறு கட்டுப்பட மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த மாமியார் பிறகு இறந்தும் போனாள். இருளாயி அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல் பேசவில்லை.

வைகாசியில் ஒச்சம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. மூன்று பிள்ளை தங்காமல் போன பிறகு பிறந்த பிள்ளை. ஒச்சம்மாவுக்குப் பால் இல்லை. கீரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த உடம்பில் பால் எங்கிருந்து வரும்? பிள்ளை முதலில் வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. அந்த முனகலும் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே போனது. விருமன் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒச்சம்மா குழியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அவன் முடியாது என்றிருப்பான். அவள் கேட்காததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் ஊர் காலியாகக் கிடந்தது. சிலர் தண்ணீருக்கு, சிலர் கிழங்கு தோண்ட. விருமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். அடுப்பை மூட்டி வை, இப்போது வந்துவிடுகிறேன் என்று ஒச்சம்மாவிடம் சொன்னான். மெதுவாகச் சொன்னான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

வீட்டில் நெருப்பு இல்லை. அவள் உடைந்த சட்டியை எடுத்துக்கொண்டு இருளாயி வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனாள். எரிகிற வறட்டியை எடுத்துச் சட்டியில் வைத்துக்கொண்டே, உலையில் என்ன போடப்போகிறாய் என்று இருளாயி கேட்டாள். ஒச்சம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் திரும்பி நடந்தாள். பாதி வழியிலேயே நடை ஓட்டமாயிற்று.

வீட்டில் பிள்ளை மட்டும் தொட்டிலில் கிடந்தது. அவள் களத்து மேட்டுக்கு ஓடினாள். குழியின் கல் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் நகர்ந்திருந்தது. முளைக்குச்சியில் கட்டிய கயிறு உள்ளே தொங்கியது.

அவன் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவான்? அவன் குரல் எழும்பினால் ஊருக்கே கேட்குமே. கல்லைத் தொடாதே என்று சொன்ன அதே தொண்டையால், கல்லைத் திறந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்ல அவனால் முடியவில்லை. சத்தமில்லாமல் நகர்த்தி, சத்தமில்லாமல் இறங்கிவிட்டான்.

ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள். இருட்டு பழகக் கொஞ்ச நேரமாயிற்று. அவன் சோளத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். சுவரில் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்டு, வேலை முடிந்து களத்தில் அசருகிறவனைப் போல. மடியில் ஓலைக் கொட்டான் இருந்தது. காயமில்லை, ரத்தமில்லை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்லாதவர்கள் அவர்கள், அவள் சொன்னாள். அவன் அசையவில்லை. பிறகு சோளத்தைக் கூப்பிட்டாள். அதுவும் பேசவில்லை.

கிழங்கு கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த அவள் தம்பி மொக்கையன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். உள்ளே பார்த்தான். மச்சானுக்கு மயக்கம், வயிற்றில் ஒன்றும் இல்லையில்லையா, தூக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்து ஒரு காலை உள்ளே விட்டான்.

"இருப்பா, இருப்பா" என்றது ஒரு குரல்.

ஒச்சம்மாவின் கையிலிருந்த சட்டி நெருப்புதான் பேசியது. அவள் சட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றிருந்தாள்.

"நீ சும்மா இரு. அடுப்படியில பேசுறதோட நிப்பாட்டிக்க" என்றான் மொக்கையன்.

"அந்த ஓட்டையில இருந்து வர்றது எனக்குப் பிடிக்கல. கிட்டப் போனா எனக்குத் தலை சுத்துது. நீ குடிக்கிற காத்தைத்தான் நானும் குடிக்கிறேன். மொத என்னை எறக்கு."

"நீ எறங்கி என்ன செய்வ, தூக்கிட்டு வருவியா?"

"தூக்க மாட்டேன். செத்தா, நான் இருளாயி வீட்டு அடுப்புலயும் இருக்கேன். நீ ஒரு ஆளுதானப்பா."

மொக்கையன் அக்காவைப் பார்த்தான். அவள் கயிற்றை மேலே இழுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினாள். இறக்கினாள். நெருப்பு பேசிக்கொண்டேதான் போனது. சுவர் நன்றாகத்தான் பூசியிருக்கிறீர்கள், தட்டையெல்லாம் காய்ந்தபடியே இருக்கிறது, இதோ அவன் தலை தெரிகிறது, அவன் கையில்

அவ்வளவுதான். சொல் முடியவில்லை. ஊதி அணைத்தது போலக்கூட இல்லை. யாரோ விரலால் கிள்ளி எடுத்தது போல இருந்தது. கீழே இருட்டாகிவிட்டது. புகை மட்டும் ஒரு நூல் மாதிரி நின்றது, மேலேயும் வரவில்லை.

மொக்கையன் குழிக்குள் விட்டிருந்த காலை வெளியே எடுத்தான். எடுத்துவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

ஊர் வந்து சேர்ந்தது. கல்லை முழுவதும் புரட்டித் தள்ளினார்கள். வேப்பங்கொத்துகளைக் கயிற்றில் கட்டி இறக்கியும் ஏற்றியும் காற்றைக் கலக்கினார்கள். பெண்கள் முறத்தால் விசிறினார்கள். இருளாயி இன்னொரு சட்டி நெருப்பு கொண்டுவந்தாள். அது பயந்தபடியேதான் இறங்கியது, இந்த முறை ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே போய்ச் சேர்ந்தும் எரிந்தது. அதன் பிறகு மொக்கையன் இறங்கி விருமனின் அக்குளில் கயிற்றைக் கட்டி மேலே அனுப்பினான்.

விருமன் இறந்து நெடுநேரம் ஆகியிருந்தது. அவன் மடியிலிருந்த கொட்டானையும் மேலே கொண்டுவந்து வைத்தார்கள். அதில் சோளம் மூன்று கைப்பிடிக்கு மேல் இருக்காது. பால் சுரக்காத ஒருத்திக்கு ஒரு வேளைக் கூழுக்குக் காணும். கொட்டான் இன்னும் எவ்வளவோ கொள்ளும், அவன் எடுத்தது அவ்வளவுதான்.

எல்லோரும் இருளாயியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கொட்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேப்பா" என்றாள் கடைசியில். "நானும் ஒரு கை பிடிச்சுக் கல்லை நகத்தியிருப்பேன்."

ஒச்சம்மா அழவில்லை. குழியின் வாயருகே போய் மண்டியிட்டாள். உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. இப்போது அதற்குக் காற்று இருந்தது. "பாத்தோம் தாயி. அவரு காலு எங்க மேல படவும் முழிப்பு வந்துருச்சு. வராதீங்கன்னு கத்தத்தான் பாத்தோம். கத்துறதுக்கு உள்ள காத்து இல்ல."

"காத்தைக் குடிச்சா வண்டுதான் சாகும்னீங்களே."



"வண்டுக்கு ஒரு மூச்சு, மனுசனுக்கு வேற மூச்சுன்னு நெனச்சுட்டோம் தாயி. ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாமப் போச்சு. அவரு எங்க மேல கைய வச்சுத்தான் சாஞ்சாரு. அள்ளுனதுல பாதியைத் திரும்பக் கொட்டுனாரு. எங்களுக்கு..."

அதற்கு மேல் அது பேசவில்லை. ஒச்சம்மா காத்திருந்தாள். சுற்றி நின்ற ஊரும், வழக்கமாகக் காத்திருப்பது போலக் காத்திருந்தது. பதில் வரவில்லை.

ஆளைக் கொன்ற தானியம், இதை எப்படித் தின்பது என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்றார் இன்னொருவர். விதைக்குக்கூட ஆகாது என்றார்கள். அப்போதுதான் தொலைவில் பிள்ளையின் முனகல் கேட்டது. யாரோ தொட்டிலிலிருந்து எடுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

இருளாயி கொட்டானை எடுத்துக்கொண்டு நடந்தாள். தன் வீட்டு உரலில் அந்த மூன்று கைப்பிடியையும் போட்டாள். உரலில் விழுந்ததும் வழக்கமாகச் சோளம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. இன்றைக்கு உலக்கை கனமாக விழுகிறது, புருஷனோடு சண்டையா என்று குத்துகிறவளைச் சீண்டும். அன்று உலக்கை மட்டும்தான் விழுந்தது. அவள் இரண்டு தடவை நிறுத்திக் காது கொடுத்தாள். பிறகு குத்தி முடித்தாள்.

அதற்குள் விருமனை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். இருளாயி கூழைக் கொண்டுவந்து ஒச்சம்மாவின் கையில் கொடுத்தாள். பிணம் வாசலில் கிடக்க அவள் எப்படிக் குடிப்பாள் என்று ஊர் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒச்சம்மா கலயத்துக்குள் பார்த்தாள். மடியில் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. கூழ் சுட்டது. விழுங்கினாள். இன்னொரு வாய் விழுங்கினாள். கலயம் காலியாகும் வரைக்கும் நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, பாலும் வந்தது.

சோளம் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. கம்பும் வரகும் அதைப் பார்த்துத் தாங்களும் மூடிக்கொண்டன. கீழேயிருந்து 'வாங்க' என்று சொல்ல இனி யாரும் இல்லை என்று ஆனபோது, சொன்னபடி முன்னால் இறங்க நெருப்பு மட்டும்தான் மிச்சம். அன்றைய திகைப்பில் அதுவும் பேச்சை விட்டுவிட்டது. எரிவது அல்லது அணைவது என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது.

தானியக் குழியோ பாழுங்கிணறோ, நெடுநாள் மூடிக் கிடந்த எதையும் ஒற்றை ஆளாகத் திறக்காமல் நாலு பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும், ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிவிட்டு, அது தரையைத் தொடுகிற வரைக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.